சென்சாருக்குத் தமிழில் என்ன எழுதுவது? உணரியா, உணர்வியா, உணர்கருவியா?

தருமபுரி வாத்தியார்

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு மாதிரி செய்கிறார்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டியின் மேல் விளிம்பில் இரண்டு கம்பிகள் தொங்கும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டதும் சிறிய மின்னோட்டம் பாய்ந்து டிரான்சிஸ்டரை இயக்கும், அது மோட்டாரை நிறுத்தும் மின்சுவிச்சான ரிலேயைத் தட்டும். வேலை முடிந்துவிட்டது. தொந்தரவு பெயர்ச்சீட்டு எழுதும்போதுதான் வந்தது.

பம்பு, தொட்டி, மின்கலம் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியாயிற்று. கம்பிக்கு ‘சென்சார்’ என்று எழுதினேன். குழுவில் இருக்கும் பெண் பிள்ளை கேட்டது: “சார், சென்சார்னா படத்துல கெட்ட வார்த்தைய வெட்டுறதுதானே? அதுக்கும் தண்ணித் தொட்டிக்கும் என்ன சார்?” வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அதே சந்தேகம் இருந்திருக்கிறது.

உணரி, உணர்வி, உணர்கருவி என மூன்று சொற்களையும் வெவ்வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். எதை எழுதலாம்? எழுதினால் கண்காட்சிக்கு வரும் பெற்றோருக்குப் புரியுமா? அன்றாடம் யாராவது புழங்குகிறீர்களா?

சொல்லேர்

அந்தப் பிள்ளை கேட்டது மிகச் சரியான கேள்வி, ஐயா. அவை இரண்டு வேறு சொற்கள். திரைப்படத்துக்கு வரும் சென்சார், ரோமாபுரியில் மக்களைக் கணக்கெடுத்து அவர்கள் ஒழுக்கத்தையும் மேற்பார்த்த அதிகாரியின் பதவிப் பெயர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் சென்சஸும் அதே வேரில் வந்ததுதான். உங்கள் தொட்டியில் தொங்குவது, உணர்தலைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் எழுத்தே வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முதலாவதற்குத் ‘தணிக்கை’ என்ற நல்ல சொல் ஊன்றிவிட்டது. இரண்டாவதையும் தமிழில் சொல்லிவிட்டால் குழப்பம் போய்விடும்.

மூன்றில் என் வாக்கு ‘உணரி’க்கு. உணர் என்ற வினையோடு ‘இ’ என்ற விகுதி சேர்ந்தது. இந்த விகுதி நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது: தேங்காய்த் துருவி, பாக்குவெட்டி. தோட்டத்துக்குப் போனால் மண்வெட்டி. சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்கிறாரே வள்ளுவர், அங்கேயும் இதே ‘இ’தான். அண்மையில் பிறந்த செயலி, உலாவி வரை இது உயிரோடு இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ‘உணரி என்றால் உணர்வது’ என்று பிள்ளை பிரித்துக்கொள்ளும்.

‘உணர்வி’யில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. செய் – செய்வி, காண் – காண்பி என்பது போல, உணர் – உணர்வி என்றால் பிறவினை ஆகிவிடுகிறது. பிறரை உணரச் செய்தல் என்று பொருள் படும். உணர்வு என்ற பெயரோடு ‘இ’ சேர்ந்தது என்று வாதாடலாம், ஆனால் காதில் முதலில் விழுவது பிறவினைதான். ‘உணர்கருவி’ அழகான வினைத்தொகை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நீளம்தான் இடிக்கிறது. ‘அகச்சிவப்பு உணர்கருவி’ என்று பெயர்ச்சீட்டில் எழுதிப் பாருங்கள், தெரியும்.

பணிமனை பாண்டி

சார், நான் டூவீலர் மெக்கானிக், மதுரைப் பக்கம். எங்க கடையில சென்சார்னா சென்சார்தான், உணரின்னு சொன்னா கஸ்டமரு முழிப்பாரு. இது என் நேர்மையான பதில். ஆனா இதுல ஒரு விசயம் சொல்லணும்.

2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்-6 புகை விதி வந்ததுக்கப்புறம் சின்ன வண்டியில கூட கார்புரேட்டர் போயி இன்ஜெக்ஷன் வந்துருச்சு. சைலென்சர் குழாயில ஆக்சிஜன் சென்சார், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு பாக்க ஒண்ணு, எஞ்சின் சூட்டுக்கு ஒண்ணு, வண்டி கீழ விழுந்தா எஞ்சினை நிப்பாட்ட ஒண்ணு, பல வண்டியில சைடு ஸ்டாண்டுக்குக் கூட ஒண்ணு. முன்னாடி காதுல கேட்டு, கையில தொட்டு, பிளக்கைக் கழட்டி நிறம் பார்த்துக் கண்டுபிடிச்ச வேலை இது. கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகம், வெள்ளையா இருந்தா கம்மி. இப்ப அந்த வேலைய ஆக்சிஜன் சென்சார் பாக்குது.

டேஷ்ல மஞ்ச லைட்டு எரிஞ்சா வர்றவங்க எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தை, “சென்சார் போயிருச்சுண்ணே.” எந்த சென்சார்? தெரியாது. வாட்டர் வாஷ் பண்ணும்போது வயரை இணைக்கிற கப்ளருக்குள்ள தண்ணி போயிருக்கும், எலி வயரைக் கடிச்சிருக்கும். கப்ளரைக் கழட்டித் துடைச்சு மாட்டினா லைட்டு அணைஞ்சிரும். ஆனா ‘சென்சார் போச்சு’ன்னு ஒரு இடத்துல சொல்லிட்டா அந்த ஆளு ஆயிரக்கணக்குல குடுத்து நல்ல சென்சாரைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டிட்டு வந்துருவாரு. என் மச்சானுக்கே நடந்துச்சு. அதனால நான் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்குறது ஒண்ணுதான். சென்சார்னு மட்டும் சொல்லாத, எதோட சென்சார்னு சொல்லு. சூட்டைப் பாக்குறதா, காத்தைப் பாக்குறதா, சாய்வைப் பாக்குறதா?

வடமராட்சியான்

எங்கட இலங்கைப் பக்கத்தில நிலைமை கொஞ்சம் வேற. பள்ளிக்கூடப் புத்தகத்தில மின்னியல் சொல்லெல்லாம் அந்த ‘இ’ விகுதியிலதான் வரும். இந்தியாவில மின்தடை எண்டு படிக்கிறதை நாங்கள் ‘தடையி’ எண்டு படிச்சம். மின்தேக்கி எங்களுக்குக் ‘கொள்ளளவி’. டயோடு ‘இருவாயி’. சுவிச்சுக்கு ‘ஆளி’. இந்த வரிசையில ‘உணரி’ எண்டு வந்தால் ஒரு பிள்ளையும் திடுக்கிடாது. குடும்பத்தில இன்னொரு பிள்ளை பிறந்த மாதிரித்தான்.

ஆனால் உண்மையைச் சொல்லவேணும். வகுப்பறைக்கு வெளியில வந்தால் நாங்களும் ‘சென்சர்’ தான். தண்ணீர்த் தாங்கிக்குப் பொருத்த ஆள் கூப்பிட்டால் “தாங்கிக்கு சென்சர் போடவேணும்” எண்டுதான் சொல்லுவம். எழுதேக்க உணரி, கதைக்கேக்க சென்சர். ரெண்டும் ஒரே தலைக்குள்ள சண்டை பிடிக்காமல் இருக்குது. அதால, வாத்தியார், உணரி எண்டு எழுதுங்கோ, வாற ஆக்களுக்கு வாயால சென்சார் எண்டும் சொல்லுங்கோ. விளங்கும்.

இரவுப்பணி

நான் செவிலியர். பாண்டி அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் வார்டு நினைவுக்கு வந்தது.

கொரோனா வந்த 2020-ல் விரலில் மாட்டும் கருவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர்கள் எத்தனை! பல்ஸ் பாக்குற மிஷின், ஆக்சிஜன் கிளிப், விரல் மிஷின். எங்களுக்குள் அந்தக் கிளிப்பை ‘ப்ரோப்’ என்போம். சென்சார் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கிளிப்புக்குள் இருப்பது சாட்சாத் உணரிதான். ஒரு பக்கம் இரண்டு சின்ன விளக்குகள். ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அகச்சிவப்பு, இது கண்ணுக்குத் தெரியாது. மறுபக்கம் ஒளியை வாங்கிக்கொள்ளும் துண்டு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை அதிகம் விட்டுவிடும், அகச்சிவப்பை அதிகம் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அதற்கு நேர்மாறு. இரண்டு ஒளியும் நாடித்துடிப்போடு எப்படி ஏறி இறங்குகின்றன என்று ஒப்பிட்டுத்தான் திரையில் 97, 98 என்று எண் வருகிறது. இந்த வழியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி. தன் கண்டுபிடிப்பை உலகமே விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் இறந்தார். எங்கள் வார்டில் அன்று ஓய்வே கிடையாது. பல மாதம் கழித்துப் படித்தபோதுதான் எனக்குத் தெரியும். சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

சொல்ல வந்தது இது. நோயாளியின் மகன் ஓடி வருவார்: “சிஸ்டர், அம்மாவுக்கு ஆக்சிஜன் எழுபதுன்னு காட்டுது!” போய்ப் பார்த்தால் கை பனிக்கட்டியாக இருக்கும், அல்லது விரலில் அடர்ந்த நகப்பூச்சு, அல்லது கிளிப் பாதி கழன்றிருக்கும். அந்தக் கருவி ஆக்சிஜனை நேரே பார்ப்பதில்லை. விரலைத் தாண்டி வரும் ஒளியைத்தான் பார்க்கிறது. ஒளியை எது மறைத்தாலும் எண் தடுமாறும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, அதோடு ஆளையும் பார்ப்போம். மூச்சு எப்படி இருக்கிறது, உதடு நிறம் என்ன, பேசுகிறாரா.

தருமபுரி வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. ‘உணரி’ என்றே எழுதிவிட்டோம்.

ஆனால் பிள்ளைகள் விடுவதாயில்லை. இன்று இரண்டு கேள்விகள். “சார், அப்ப வெப்பமானியும் உணரியா?” “இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானா நிக்குதே, அதுக்குள்ள உணரி இருக்கா?” இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டு ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்றேன். உதவுங்கள்.

சுற்றுப்பலகை

நல்ல பிள்ளைகள். என் தொழில் மின்னணுச் சுற்று வடிவமைப்பது. நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லும் விளக்கத்தை இங்கே வைக்கிறேன்.

நம் மொழியில் கருவிப் பெயர்களின் வாலைப் பாருங்கள். வெப்பமானி, மழைமானி, காற்றழுத்தமானி: அளந்து எண் சொல்பவை. திசைகாட்டி: காட்டுவதோடு நிறுத்திக்கொள்வது. நுண்ணோக்கி, தொலைநோக்கி: நாம் நோக்க உதவுபவை. இவை எல்லாவற்றுக்கும் மறுமுனையில் மனிதக் கண் ஒன்று காத்திருக்கிறது. உணரிக்கு மறுமுனையில் பெரும்பாலும் ஆளே இல்லை. அது ஒரு மாற்றத்தை வாங்கி, இன்னொரு கருவி புரிந்துகொள்ளும் மின்குறியாக, அதாவது சிக்னலாக, மாற்றிக் கொடுக்கிறது. எல்எம்35 என்று கடுகு டப்பா மூடிக்குள் பத்து போட்டு வைக்கலாம் போன்ற சின்னத் துண்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 10 மில்லிவோல்ட் கொடுக்கும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். அதில் எண்ணும் இல்லை, முள்ளும் இல்லை. தனியாகக் கையில் கொடுத்தால் நம்மால் ஒன்றும் படிக்க முடியாது. அது உணரி. அதோடு ஒரு திரையைச் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தால் பெட்டி வெப்பமானி ஆகிவிடும். செவிலியர் சகோதரி சொன்னதும் அப்படியே: கிளிப்புக்குள் உணரி, மொத்தக் கருவி மானி.

இஸ்திரிப் பெட்டி எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு இருக்கும். ஒன்று அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். சூடேறினால் தகடு வளையும். வளைந்ததும் மின் இணைப்பு பிரியும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேரும். உணர்வதும் அதுவே, சுவிச்சும் அதுவே. நடுவில் மின்குறி கிடையாது. கறாரான பாடநூல் ஆட்கள் இதை உணரி என்று ஒப்புக்கொள்ள யோசிப்பார்கள். நான் ஒப்புக்கொள்வேன். வகுப்பில் தயங்காமல் ‘ஆமாம்’ சொல்லுங்கள்.

பெயர் வைப்பதில் இன்னொரு சங்கதி. ஆள் நடந்தால் விளக்கு எரியும் வெள்ளைக் குமிழ் வடிவச் சென்சார் இப்போது மாடிப்படிகளில் எல்லாம் இருக்கிறது. சிலர் ‘ஆள் உணரி’ என்று எழுதுகிறார்கள். அது ஆளை உணர்வதே இல்லை. நம் உடம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது, அலைநீளம் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர். அந்தக் கதிர் சென்சார் பார்க்கும் பரப்பில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போது உண்டாகும் மாற்றத்தைத்தான் உள்ளே இருக்கும் துண்டு பிடிக்கிறது. அசையாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆகவே ‘அசைவு உணரி’ சரியான பெயர், ‘ஆள் உணரி’ தவறான பெயர். தமிழில் பெயர் வைக்க உட்கார்ந்தால் ‘எதை உணர்கிறது?’ என்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. சென்சார் என்று விட்டுவிட்டால் அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துவிடலாம். பாண்டி அண்ணன் தன் கடைப் பையன்களிடம் கேட்பதும் இதைத்தான்.

வாத்தியாருக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் பிள்ளைகளின் கம்பி உண்மையில் எதை உணர்கிறது? அவர்களையே கேளுங்கள்.

வடமராட்சியான்

மானி மனுசனுக்கு, உணரி மெசினுக்கு எண்டு சொன்னது நல்லாயிருக்கு. ஆனால் ஓட்டை ஒண்டு இருக்கே. கைபேசியைத் திருப்பினால் படமும் திரும்புதே, அதுக்குள்ள இருக்கிறது ‘முடுக்கமானி’. அதின்ர எண்ணை எந்த மனுசன் படிக்கிறான்?

சுற்றுப்பலகை

பிடித்துவிட்டீர்கள். முடுக்கமானி என் விதிக்கு அடங்காது. காதருகே வைத்ததும் திரையை அணைக்கும் ‘அண்மை உணரி’ அதே போனுக்குள் அடங்கி நிற்கிறது, பக்கத்திலேயே இது முரண்டு பிடிக்கிறது. அளவைத் துல்லியமாக எண்ணாகத் தருவதால் மானி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாற்றச் சொல்ல மாட்டேன்.

கொங்குத் தோட்டம்

நாங்க உடுமலைப் பக்கம் தென்னையும் கரும்பும் வெச்சிருக்கறோம். காட்டி, உணரி பேச்சு வந்ததால சொல்றேனுங்க.

கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்துல மண்ணு ஈரம் பாக்க ஒரு கருவி பண்ணியிருக்காங்க. ரெண்டு கம்பிய மண்ணுல குத்தினா விளக்கு எரியும். நீலம்னா ஈரம் நல்லா இருக்குது. பச்சைன்னா போதும், இப்பத் தண்ணி வேண்டாம். ஆரஞ்சுன்னா தண்ணி கட்டோணும். சிவப்புன்னா உடனே கட்டோணும். எண்ணு கிண்ணு எதுவும் கிடையாது. எங்கம்மாவுக்குப் படிப்பில்லைங்க, ஆனா சிவப்பு விளக்குன்னா அவங்களுக்குத் தெரியும். நீங்க சொல்ற கணக்குல கம்பி உணரி, விளக்கு காட்டி.

ஆனா அம்மா விளக்கைப் பாத்துட்டு அதோட விட மாட்டாங்க. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாப்பாங்க. உருண்டை நின்னா ஈரம் இருக்குது, பொலபொலன்னு உதுந்தா இல்லை. ‘பதம் பாக்கறது’ம்போம். ரெண்டு தடவை விளக்கும் கையும் வேற வேற சொல்லுச்சு. ஒரு தடவை கை சரி, கம்பிய சரியா அழுத்திக் குத்தலை. இன்னொரு தடவை விளக்கு சரி, மேல்மண்ணு காஞ்சு கெடந்துச்சு, அடியில ஈரம் இருந்துச்சு.

வால்வெளி

எல்லோரும் உணரியைக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு ஒரு மனத்தடை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். விமானப் பராமரிப்பில் இருக்கிறேன்.

தமிழில் ‘உணர்தல்’ பெரிய சொல். தவற்றை உணர்ந்தான், பொறுப்பை உணர்ந்தாள் என்கிறோம். உள்ளே புரிதல் நடக்க வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ என்று தொடங்கிப் புலன்களுக்கெல்லாம் ‘அறி’ என்ற சொல்லைத்தான் வைக்கிறார். கடைசியில் ‘நேரிதின் உணர்ந்தோர் நெறிப்படுத் தினரே’ என்று முடிக்கிறார். தொடுதலும் பார்த்தலும் அறிதல், சான்றோர் செய்வது உணர்தல். அந்தச் சொல்லை ஒரு தகட்டுக்குக் கொடுக்கலாமா?

இது வெறும் சொல் தகராறு அல்ல எனக்கு. 2018 அக்டோபர் 29-ல் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் போனார்கள். 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பிய விமானம் விழுந்து 157 பேர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ். மூக்குப் பகுதியின் இரு பக்கமும் சிறு துடுப்பு போல ஒன்று இருக்கும். எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணத்தைச் சொல்வது அதன் வேலை. இரண்டு விமானங்களிலும் ஒரு பக்கத் துடுப்பு தவறான கோணத்தைச் சொன்னது. மூக்கைத் தாழ்த்தும் மென்பொருள் அந்த ஒன்றை மட்டும் நம்பியது, மறுபக்கத்தைக் கேட்கவில்லை. விமானிகள் இழுக்க இழுக்க அது மறுபடி மறுபடி மூக்கைக் கீழே தள்ளியது. ஒன்றையும் ‘உணராத’ ஒரு துண்டை, உணர்ந்த ஒன்றாக எண்ணி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 346 உயிர்கள். ‘உணரி’ என்ற பெயர் அந்த நம்பிக்கையைக் கூட்டிவிடுமோ என்பது என் பயம்.

பணிமனை பாண்டி

அண்ணே, படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணலை.

சொல்லேர்

வால்வெளி, உங்கள் பயத்தை மதிக்கிறேன். மரபியல் எடுத்துக்காட்டும் சரியானதே. ஆனால் இலக்கியத்தில் உணர்தல் மனத்துக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. குறிப்பறிதல் அதிகாரத்தில் ‘குறிப்பிற் குறிப்புணரா வாயின் உறுப்பினுள் என்ன பயத்தவோ கண்’ என்கிறது குறள். முகக்குறிப்பைக் கொண்டு உள்ளத்தை உணராவிட்டால், உறுப்புகளில் கண்ணால் என்ன பயன்? ‘உணரா’ என்ற வினைக்கு எழுவாய் கண். மனிதர் அல்ல, உறுப்பு. உறுப்பு உணரும் என்று வள்ளுவர் சொன்ன பிறகு, உறுப்புப் போல் வேலை செய்யும் ஒன்றை உணரி என்பது மொழிக்கு அந்நியமில்லை. கரப்பான் பூச்சியின் மீசையை ‘உணர்கொம்பு’ என்று பள்ளியிலேயே படித்தோமே, அது எதையும் ஆராய்ந்து தெளிவதில்லை.

இன்னொன்றும் சொல்வேன். அந்தக் குறளே உணராத கண்ணைப் பற்றித்தான் பேசுகிறது. உறுப்பு தவறும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வால்வெளி

கண்ணை எழுவாயாக்கியது எனக்குத் தோன்றாதது. பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, இரண்டு உணரிகள் முரண்பட்டால் எதை நம்புவது என்று பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லித் தாருங்கள், வாத்தியாரே. தென்னந்தோப்பு அம்மா மண்ணை உருட்டிப் பார்ப்பது போல.

நாகை அலை

நான் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26-ல் எங்கள் தெருவில் பதினோரு பேரை இழந்தோம். அந்தக் காலையில் எங்களுக்கு எச்சரிக்கை சொல்ல எதுவும் இல்லை. 2007-ல்தான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.

ஊர்க்கூட்டத்தில் ஒருமுறை அதிகாரி வந்து, கடலுக்கு அடியில் சென்சார் போட்டிருக்கிறது என்று விளக்கினார். எங்கள் பெரியப்பா எழுந்து கேட்டார்: “ஆழ்கடல்ல சுனாமி பெருசா எழும்பாது, போட்டுல இருக்குறவனுக்கே தெரியாது. அடியில கெடக்குற மிஷின் அத எப்படிப் பாக்கும்?” அதிகாரி சொன்ன பதில் யாருக்கும் பிடிபடவில்லை.

நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது பார்ப்பதில்லை பெரியப்பா, உணர்கிறது என்றேன். கடலடியில் கிடக்கும் கருவிக்கு மேல் சில ஆயிரம் மீட்டர் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரின் எடை அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தாலும் அந்த அழுத்தம் கூடுவது அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை ஒலியாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோளுக்கு, அது ஐதராபாத்துக்கு. பெரியப்பா உடனே, “முதுகுல கூடை சொமக்குறவனுக்கு ஒரு மீனு கூட வெச்சாலும் தெரியுமே, அந்த மாதிரி” என்றார். கூட்டத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்களுக்கு அது ‘அழுத்த உணரி’.

இரவுப்பணி

ஒரு மீன் கூட வைத்தாலும் தெரியும்! நாளை எங்கள் மாணவச் செவிலியருக்கு இதைச் சொல்லப் போகிறேன்.

தருமபுரி வாத்தியார்

கண்காட்சி முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

‘நீர் உணரி’ என்று பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தோம். பள்ளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நூறு தடவை சோதித்த மாதிரி. கண்காட்சி நடந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் தூரம், அதனால் பக்கத்தில் இருந்த கேன் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்கள். தண்ணீர் கம்பியைத் தொட்டது. ரிலே தட்டவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, தொட்டி வழிந்து மேசை விரிப்பு நனைந்தது. நடுவர்கள் இரண்டு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. வயர் விட்டுப்போயிற்று என்று குனிந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்சார் என்றால் வெட்டுவதா என்று கேட்டாளே, அந்தப் பிள்ளைதான் நிமிர்ந்து யோசித்தாள். சுற்றுப்பலகை கொடுத்த வீட்டுப்பாடத்தை வகுப்பில் கேட்டபோது அவள் ‘தண்ணியைத்தான் உணருது’ என்று சொல்லியிருந்தாள். இப்போது சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். மதியச் சோற்றோடு அம்மா கட்டிக்கொடுத்த மாங்காய்த் துண்டும் உப்புப் பொட்டலமும் இருந்தன. ஒரு சிட்டிகை உப்பைத் தொட்டியில் போட்டுக் கலக்கினாள். டிக் என்று ரிலே தட்டியது. மோட்டார் நின்றது.

நடுவர் வந்து கேட்டபோது அவள் சொன்னது: “சார், இது தண்ணிய உணரல. தண்ணில இருக்குற உப்பு வழியா ஓடுற கரண்டத்தான் உணருது. எங்க ஊரு போர் தண்ணி உப்பு, அதனால வேலை செஞ்சுது. கேன் தண்ணில உப்பே இல்ல.” பிறகு பேனாவை எடுத்துப் பெயர்ச்சீட்டில் ‘நீர்’ என்பதை அடித்தாள். மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. ‘உணரி’ மட்டும் நின்றது.

அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். மூன்று வாரம் இருக்கிறது. கேன் தண்ணீரிலும் வேலை செய்ய என்ன மாற்ற வேண்டும்? பெயர் என்ன வைக்கலாம்?

சுற்றுப்பலகை

வாத்தியாரே, அந்தப் பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கேன் தண்ணீரில் மின்னோட்டம் மிகக் குறைவாகப் பாய்வதால் ஒரு டிரான்சிஸ்டரால் ரிலேயை இழுக்க முடியவில்லை. இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேருங்கள்: முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலை இரண்டாவதின் பேஸ் காலில் இணையுங்கள், இரண்டின் கலெக்டர் கால்களையும் சேர்த்துவிடுங்கள். பெருக்கம் பல மடங்கு கூடும், சொட்டு மின்னோட்டமும் போதும். கம்பிகளை இன்னும் நெருக்கமாக வையுங்கள். செம்புக் கம்பி என்றால் எடுத்துவிட்டு எவர்சில்வர் கம்பி போடுங்கள். ஒரே திசை மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் செம்பு சில வாரங்களில் பச்சை பூத்து அரித்துப்போகும், உங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பும் படியும். வாரம் ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

பெயருக்கு: அது உணர்வது மின்கடத்தலை. நாம் அதைப் பயன்படுத்துவது நீர்மட்டத்துக்கு. எதை எழுதுவது என்று அவளே முடிவு செய்யட்டும்.

தருமபுரி வாத்தியார்

இரண்டையும் எழுதிவிட்டாள். மேல் வரியில் ‘நீர்மட்ட உணரி’. அடியில் சின்ன எழுத்தில் ‘உணர்வது: மின்கடத்தல்’. நாளை எவர்சில்வர் கம்பி வாங்கப் போகிறோம்.